டெலவேரா, டெக்சஸா, ஜாலான் டூத்தாவா? வாசகர் சட்டக் கேள்விகள்

இந்த முறை வாடகைத் தகராறும் அண்ணன் தம்பி பாகப் பிரிவினையும் குறைந்துபோய், அமெரிக்க மாநிலங்களின் வணிக நீதிமன்றங்களைப் பற்றியே நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். எலான் மஸ்க் சம்பள வழக்கு ஒரு காரணம். நம் பிள்ளைகள் இங்கே உட்கார்ந்துகொண்டே அங்கே வியாபாரம் செய்கிறார்கள் என்பது இன்னொரு காரணம். சரி, அவற்றையே எடுத்துக்கொள்வோம். கடைசியில் ஒன்று மட்டும் உள்ளூர் விவகாரம்.

கேள்வி (செந்தூல், கோலாலம்பூர்): ஐயா, நானும் என் நண்பனும் ஒரு மென்பொருள் கம்பெனி நடத்துகிறோம். இங்கே செண்டிரியான் பெர்ஹாட்டாக, அதாவது தனியார் கம்பெனியாக, பதிவு செய்தது. பணம் போட வருகிற முதலீட்டாளர், டெலவேரில் ஒரு தாய்க் கம்பெனி திறந்து இதை அதற்குக் கீழே கொண்டுவரச் சொல்கிறார். பெரிய கம்பெனிகளே டெலவேரை விட்டு ஓடுகின்றன என்று படிக்கிறேனே, நாங்கள் மட்டும் உள்ளே போகலாமா?

பதில்: தம்பி, ஓடுகிறவர்கள் யார் என்று முதலில் பாருங்கள். டெஸ்லா, ஸ்பேஸ்எக்ஸ் இரண்டும் 2024-ல் டெக்சஸுக்குப் போயின. 2025-ல் கொயின்பேஸும் அங்கேதான் போவதாக அறிவித்தது, டிராப்பாக்ஸ் நெவாடாவுக்கு மாறியது. இவற்றில் பெரும்பாலும் நிறுவனரோ ஒரு சிறு கூட்டமோ கடிவாளத்தைக் கையில் வைத்திருக்கிறது. அவர்களுக்கு டெலவேர் நீதிபதிகள் தங்களை அளவுக்கு மீறித் தோண்டுகிறார்கள் என்று மனத்தாங்கல். உங்களுக்கு அந்தக் கவலை இப்போது இல்லை, பணம் போட ஆள் வருகிறாரா என்பதுதான் கவலை. அமெரிக்க முதலீட்டாளர்களுடைய ஒப்பந்தப் படிவங்கள் எல்லாம் டெலவேர் கம்பெனியை மனதில் வைத்து எழுதப்பட்டவை, அதனால்தான் அவர் கேட்கிறார், வேறு மர்மம் ஒன்றும் இல்லை.

டெலவேர் பினாங்கைவிட மக்கள் தொகை குறைந்த மாநிலம், ஆனால் அங்கே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் பதிவாகியிருக்கின்றன. 1792-ல் தொடங்கிய சான்சரி நீதிமன்றம் ஒன்று இருக்கிறது, கம்பெனி விவகாரத்தையே தினம் தினம் பார்க்கிற நீதிபதிகள், ஜூரி கிடையாது, தீர்ப்புக்குக் காரணம் விவரமாக எழுதுவார்கள். இருநூறு வருடத் தீர்ப்புகள் கையில் இருப்பதால், இப்படிச் செய்தால் இப்படி ஆகும் என்று வழக்கறிஞர் ஓரளவு துணிந்து சொல்ல முடியும். அதுதான் அந்த மாநிலத்தின் சரக்கு.

அப்புறம் 2025 மார்ச் மாதம் டெலவேர் தன் சட்டத்தையே மாற்றியது. செனட் மசோதா 21 என்று பெயர். கம்பெனிகள் போய்விடுமோ என்ற பயத்தில் அவசரமாக வந்த சட்டம் அது என்பதுதான் என் அபிப்பிராயம். அதில் இரண்டு விஷயம் முக்கியம். ஒன்று, கட்டுப்பாட்டைக் கையில் வைத்திருக்கும் பங்குதாரர் தன் கம்பெனியோடு தானே ஒரு வியாபாரம் செய்தால், சார்பில்லாத இயக்குநர் குழுவின் ஒப்புதலோ, மற்றப் பங்குதாரர்களின் பெரும்பான்மை வாக்கோ ஏதாவது ஒன்றை ஒழுங்காக வாங்கிவிட்டால் போதும், பிறகு அதை வழக்கில் உடைப்பது மிகக் கஷ்டம். மற்றவர்களின் பங்கை வாங்கிக் கம்பெனியைத் தனியார் கைக்குக் கொண்டுபோவதாக இருந்தால்தான் இரண்டும் வேண்டும். கட்டுப்பாடு வைத்திருப்பவர் என்று சொல்லவும் வரையறை வந்துவிட்டது: பெரும்பான்மை வாக்கு இல்லாதவரிடம் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு வாக்காவது இருக்க வேண்டும், கூடவே நிர்வாகப் பிடியும் இருக்க வேண்டும்.

இரண்டாவது, பங்குதாரர் கம்பெனியின் கணக்கையும் ஆவணத்தையும் பார்க்கக் கேட்கும் உரிமை. முன்பெல்லாம் நீதிமன்றம் சில வழக்குகளில் இயக்குநர்களின் ஈமெயில் வரைக்கும் திறந்துவிட்டது. இப்போது கூட்டக் குறிப்பு, இயக்குநர் குழுவுக்குக் கொடுத்த தாள்கள், நிதி அறிக்கை என்று ஒரு பட்டியல் போட்டு அதோடு பெரும்பாலும் நிறுத்திவிட்டார்கள்.

நீங்கள் இதைப் படித்துவிட்டு "நல்லதுதானே, நான்தானே முதலாளி" என்று நினைப்பீர்கள். இரண்டு மூன்று சுற்று முதலீடு வாங்கிய பிறகு உங்கள் கையில் பதினைந்து, இருபது சதவீதம்தான் மிஞ்சியிருக்கும், அப்போது ஆவணம் கேட்டு அலைகிற சின்னப் பங்குதாரர் நீங்களாகத்தான் இருப்பீர்கள். ஆகவே தகவல் கேட்கும் உரிமையைச் சட்டத்தை நம்பி விடாமல், பங்குதாரர் ஒப்பந்தத்திலேயே தனியாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பணம் வருகிற சந்தோஷத்தில் நம் ஆட்கள் கேட்க மறந்துவிடுவது இதைத்தான்.

இன்னும் இரண்டு நடைமுறை. டெலவேர் கம்பெனிக்கு இயக்குநராக ஒப்புக்கொண்டாலே, அந்தப் பதவி சம்பந்தமாக உங்கள் மேல் டெலவேரில் வழக்குப் போடலாம் என்று அங்கே சட்டம் இருக்கிறது. செந்தூலைவிட்டு நீங்கள் நகர்ந்ததே இல்லை என்பது அங்கே எடுபடாது. அடுத்தது ஆண்டு வரி. 1 கோடி பங்குகளுக்கு அனுமதி வாங்கிப் பதிந்த புதுக் கம்பெனிக்கு 85,165 டாலர் என்று பில் வரும், பார்த்ததும் வயிறு கலங்கும். கலங்க வேண்டாம், கணக்குப் போட இன்னொரு முறை இருக்கிறது, அதில் போட்டால் சின்னக் கம்பெனிக்குக் குறைந்தபட்சமான 400 டாலருக்கு இறங்கிவிடும், அறிக்கைக் கட்டணம் 50 தனி. ஒவ்வொரு வருடமும் மார்ச் 1-க்குள் கட்ட வேண்டும். இங்கே உங்கள் வருமான வரி எப்படி மாறும் என்பதை மட்டும் நல்ல கணக்காய்வாளரிடம் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கேள்வி (புக்கிட் மெர்தாஜாம், பினாங்கு): கைப்பேசி ஆப் மூலமாக டெஸ்லா பங்கு கொஞ்சம் வைத்திருக்கிறேன். மஸ்க் சம்பள வழக்கு கடைசியில் என்னதான் ஆனது? ஜெயித்தது யார்? நாளைக்கு நானும் வழக்குப் போட முடியுமா?

பதில்: ஜெயித்தது மஸ்க். வழக்குப் போட்டவருக்குக் கிடைத்த நஷ்டஈடு 1 டாலர்.

கொஞ்சம் விவரமாகச் சொன்னால், 2018-ல் டெஸ்லா அவருக்கு ஒதுக்கிய பங்குச் சம்பளத்தின் மதிப்பு 55.8 பில்லியன் டாலர் வரை போகக்கூடியது. வெறும் 9 பங்கு வைத்திருந்த ஒருவர் அதை எதிர்த்து டெலவேரில் வழக்குப் போட்டார். ஒன்பதே பங்கு! 2024 ஜனவரியில் சான்சரி நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியான சான்சலர் கேத்லீன் மெக்கார்மிக் அந்த ஒப்பந்தத்தையே ரத்து செய்தார். இயக்குநர்கள் மஸ்கோடு நெருக்கமானவர்கள், பங்குதாரர்களுக்கு முழு விஷயத்தைச் சொல்லாமல் வாக்கு வாங்கினார்கள் என்பது காரணம். ஜூன் மாதம் பங்குதாரர்கள் மறுபடி வாக்களித்துச் சம்பளத்தை ஆதரித்தார்கள், அதே கூட்டத்தில் கம்பெனியை டெக்சஸுக்கு மாற்றவும் சம்மதித்தார்கள். அந்த மறுவாக்கு செல்லாது என்று டிசம்பரில் மெக்கார்மிக் மறுபடி சொன்னார். 2025 டிசம்பரில் டெலவேர் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது. மஸ்க் ஆறு வருடம் வேலை செய்து இலக்குகளை எட்டிவிட்டார், இப்போது முழுவதையும் பிடுங்கினால் அவ்வளவு வேலைக்கும் கூலியே இல்லாமல் போகும், அது அளவுக்கு மீறிய பரிகாரம் என்று சொல்லிச் சம்பளத்தைத் திருப்பிக் கொடுத்தது. அந்த 1 டாலர் பெயரளவு நஷ்டஈடு.

இந்தத் தீர்ப்பில் எனக்குப் பெரிய சண்டை இல்லை, செய்த வேலைக்குக் கூலி என்பது நியாயமான வாதம்தான். என் கோபம் வேறு இடத்தில். 2025 மே மாதம் டெக்சஸ் ஒரு சட்டம் போட்டது. பங்குச் சந்தையில் இருக்கிற டெக்சஸ் கம்பெனி, கம்பெனி சார்பாக இயக்குநர்கள் மேல் வழக்குப் போட வருகிற பங்குதாரரிடம் 3 சதவீதம் வரை பங்கு இருக்க வேண்டும் என்று தன் விதிகளில் எழுதிக்கொள்ளலாம். டெஸ்லா உடனே எழுதிக்கொண்டது. கம்பெனி ஒரு டிரில்லியன் டாலர் மதிப்பு என்று வைத்தால் 3 சதவீதம் என்பது 30 பில்லியன். அண்ணே, உங்களிடம் அவ்வளவு இருந்தால் இந்தப் பத்திக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க மாட்டீர்கள். ஒன்பது பங்குக்காரர் ஒருவர் சட்டையைப் பிடித்துக் கேள்வி கேட்ட காலம் அந்தக் கம்பெனியைப் பொறுத்தவரை முடிந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உங்களை நேரடியாகப் பொய் சொல்லிப் பங்கு வாங்க வைத்தார்கள் என்றால் அமெரிக்காவின் மத்திய பங்குச் சட்டப்படி தனிவழி இருக்கிறது, அதை இந்த 3 சதவீதம் தடுக்காது. ஆப்பில் வாங்கிய பங்கு பெரும்பாலும் இடைத்தரகரின் பெயரில்தான் பதிவில் இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி (பிரிக்ஃபீல்ட்ஸ், சட்ட மாணவி): ஐயா, அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் எதற்காக வணிக நீதிமன்றம் திறக்கிறார்கள்? சட்டத்தில் இப்படிப் போட்டி இருப்பது நல்லதா கெட்டதா?

பதில்: வருமானம்தான், வேறென்ன. டெலவேரில் விற்பனை வரி கிடையாது, கம்பெனிப் பதிவிலும் ஆண்டு வரியிலும் வருகிற பணம் மாநில வரவு செலவில் பெரிய பங்கு. அதைப் பார்த்து மற்றவர்களுக்கும் ஆசை. நியூயார்க்கும் வட கரோலினாவும் 1990-களிலேயே தொடங்கிவிட்டன. டெக்சஸின் வணிக நீதிமன்றம் 2024 செப்டம்பர் 1-ல் கதவு திறந்தது, அடுத்த மாதமே யூட்டா தன் வணிக மற்றும் சான்சரி நீதிமன்றத்தைத் திறந்தது. யூட்டாவில் 3 லட்சம் டாலர் விவகாரம் இருந்தாலே போகலாம், டெக்சஸ் மில்லியன் கணக்கில் கேட்கிறது.

நல்லதா கெட்டதா என்று கேட்டால், விஷயம் தெரிந்த நீதிபதி, சீக்கிரமான தீர்ப்பு, எழுதி வெளியிட்ட காரணம், இந்த மூன்றும் யாருக்கும் நல்லதே. ஆனால் எந்த மாநிலத்தில் பதிவது என்று முடிவு செய்கிறவர் நிர்வாகியும் பெரிய பங்குக்காரரும். கடைக்காரன் யார் காசு கொடுக்கிறானோ அவன் பக்கம்தான் தராசைச் சாய்ப்பான். டெக்சஸில் மற்ற நீதிபதிகளை மக்கள் தேர்தலில் தேர்ந்தெடுக்கிறார்கள், வணிக நீதிமன்ற நீதிபதிகளை மட்டும் ஆளுநர் நியமிக்கிறார், அதுவும் இரண்டே வருடத்துக்கு. இரண்டு வருடத்தில் மறுநியமனம் வேண்டும் என்கிற நீதிபதி எவ்வளவு சுதந்திரமாக இருப்பார் என்று உங்கள் விரிவுரையாளரிடம் கேளுங்கள், நல்ல கட்டுரைத் தலைப்பு.

கேள்வி (பிறை, பினாங்கு): நாங்கள் இரும்பு உதிரி பாகம் செய்து டெக்சஸில் ஒரு கம்பெனிக்கு அனுப்புகிறோம். வருடத்துக்கு 8 லட்சம் டாலர், மூன்று வருட ஒப்பந்தம். அவர்கள் அனுப்பிய ஒப்பந்தத்தில் "தகராறு வந்தால் டெக்சஸ் சட்டம், டெக்சஸ் வணிக நீதிமன்றம்" என்று போட்டிருக்கிறது. புது நீதிமன்றம், வேகமானது என்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா?

பதில்: போடாதீர்கள், அந்த வரியை மாற்றுங்கள். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளம், டீ வாங்கி வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில், அந்த நீதிமன்றம் உங்கள் வழக்கை எடுக்கவே எடுக்காது. தொடங்கியபோது ஒப்பந்தத் தகராறுக்கு 1 கோடி டாலருக்கு மேல் இருக்க வேண்டும் என்றிருந்தது, 2025 செப்டம்பர் முதல் அதை 50 லட்சமாகக் குறைத்தார்கள். உங்கள் மூன்று வருட வியாபாரம் மொத்தமே 24 லட்சம். இரு தரப்பும் சம்மதித்து ஒப்பந்தத்தில் எழுதினாலும் அந்தத் தொகைக்குக் கீழே இருந்தால் உள்ளே விடமாட்டார்கள். அப்படியானால் வழக்கு டெக்சஸின் சாதாரண மாவட்ட நீதிமன்றத்துக்குத்தான் போகும். அங்கே ஜூரி கேட்கலாம். நம் நாட்டில் ஜூரி முறை 1995-லேயே முழுதாக ஒழிந்துவிட்டது, ஆகவே நம் ஆட்களுக்கு இது பழக்கமில்லாத விஷயம்: ஊர்க்காரர்கள் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து, உள்ளூர்க் கம்பெனி சொல்வதையும் பிறையிலிருந்து வந்த நீங்கள் சொல்வதையும் கேட்டு முடிவு செய்வார்கள். வணிக நீதிமன்றத்திலும் ஜூரி உரிமை இருக்கிறது, அது வேறு கதை.

இரண்டாவது, தீர்ப்பு வாங்கிய பிறகு பணம் வாங்குவது. இதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. மலேசியாவில் 1958-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, சிங்கப்பூர், பிரிட்டன், ஹாங்காங், நியூசிலாந்து, இலங்கை, இந்தியா, புருணை மாதிரிச் சில நாடுகளின் தீர்ப்பை இங்கே பதிவு செய்து நேரே அமல்படுத்த விடுகிறது. அந்தப் பட்டியலில் அமெரிக்கா இல்லை. அதனால் நாம் தப்பித்தோம் என்று ஒரு நண்பர் என்னிடம் சந்தோஷப்பட்டார், அது தப்புக் கணக்கு. டெக்சஸ் தீர்ப்பை வைத்து அவர்கள் இங்கே உயர் நீதிமன்றத்தில் புதிதாக வழக்குப் போடலாம், தொகை உறுதியாகி இறுதித் தீர்ப்பாக இருந்து, அந்த நீதிமன்றத்துக்கு நீங்கள் ஒப்பந்தத்திலேயே சம்மதித்திருந்தால், பழைய வழக்கைத் திரும்ப முதலிலிருந்து வாதாட உங்களுக்கு இடம் கிடைக்காது. அதாவது அவர்களுக்கு ஒரு படி அதிகம், அவ்வளவுதான்.

நியூயார்க் போடலாமா என்றால், போடலாம். நியூயார்க்கோடு எந்தச் சம்பந்தமும் இல்லாதவர்கள்கூட, ஒப்பந்தம் 10 லட்சம் டாலருக்குக் குறையாமல் இருந்தால், நியூயார்க் சட்டத்தோடு நியூயார்க் நீதிமன்றத்தையும் தேர்ந்தெடுக்க அங்கே சட்டமே இடம் கொடுக்கிறது, உங்கள் 24 லட்சம் அதில் அடங்கும். ஆனால் மன்ஹாட்டன் வழக்கறிஞர் மணிக்கணக்கில் வாங்கும் கட்டணத்தை ஒரு முறை விசாரித்துப் பாருங்கள், அதோடு அந்த ஆசை போய்விடும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் நடுவர் தீர்ப்பு, அதாவது நீதிமன்றத்துக்குப் பதில் தனி நடுவர் ஒருவர் விசாரித்துச் சொல்லும் தீர்ப்பு, என்று மாற்றச் சொல்வேன். நடுவர் தீர்ப்பை நாடு விட்டு நாடு அமல்படுத்த 1958-ல் நியூயார்க்கில் ஒரு சர்வதேச உடன்பாடு போட்டார்கள், அமெரிக்கா 1970-ல் சேர்ந்தது, மலேசியா 1985-ல் சேர்ந்தது. அந்த உடன்பாட்டின்படி கோலாலம்பூரில் வாங்கிய நடுவர் தீர்ப்பை டெக்சஸில் அமல்படுத்தலாம், அங்கே வாங்கியதை 2005-ஆம் ஆண்டு நடுவர் சட்டப்படி இங்கே அமல்படுத்தலாம். கோலாலம்பூரில் பழைய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், ஜாலான் சுல்தான் ஹிஷாமுடினில், ஆசிய சர்வதேச நடுவர் மையம் இருக்கிறது. அமெரிக்கக்காரர் கோலாலம்பூர் வேண்டாம் என்று முரண்டு பிடித்தால் சிங்கப்பூருக்கு இறங்கி வாருங்கள், பிறையிலிருந்து அது ஒன்றும் தூரமில்லை. ஒரே நடுவர், ஆங்கிலம், இவ்வளவு தொகைக்குக் கீழே என்றால் துரித முறை, இதையெல்லாம் அந்த வரியிலேயே எழுதிவிடுங்கள். மூன்று நடுவர் என்று எழுதினால் செலவும் மூன்று மடங்கை நோக்கிப் போகும்.

இதையெல்லாம்விட நல்லது ஒன்று இருக்கிறது: சரக்கு கப்பலேறும் முன் பாதிப் பணம், மீதிக்கு வங்கி உத்தரவாதம். முன்பணம் வாங்கியவனைத் தேடி அவர்கள்தான் வர வேண்டும்.

கேள்வி (ஜாலான் மஸ்ஜித் இந்தியா, கோலாலம்பூர்): மொத்த விலைக்குத் துணி கொடுக்கிறோம். ஷா ஆலாமில் ஒரு கடைக் கம்பெனி 38,000 வெள்ளி (ரிங்கிட்) பாக்கி வைத்துவிட்டு, கேட்கும்போதெல்லாம் "அடுத்த மாதம்" என்கிறார்கள். 21 நாள் நோட்டீஸ் விட்டுக் கம்பெனியைக் கலைத்துவிடுவோம் என்று மிரட்டச் சொல்கிறார் பக்கத்துக் கடைக்காரர். அமெரிக்கா மாதிரி இங்கேயும் வணிக நீதிமன்றம் இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. 2009-ல் கோலாலம்பூர் உயர் நீதிமன்றத்தில் புதிய வணிக நீதிமன்றம் என்று தொடங்கி, ஒன்பது மாதத்துக்குள் வழக்கை முடிக்க வேண்டும் என்று குறி வைத்தார்கள். ஆனால் அக்கா, ஜாலான் டூத்தா நீதிமன்ற வளாகத்தின் மாடியில் நடக்கிற அந்த வழக்குகள் பெரிய தொகைக்கு. 1 லட்சம் வெள்ளி வரைக்கும் மாஜிஸ்திரேட் நீதிமன்றம், 10 லட்சம் வரைக்கும் செஷன்ஸ் நீதிமன்றம். உங்களுடையது மாஜிஸ்திரேட் நீதிமன்றம்தான். 5,000 வெள்ளி வரையிலான சிறு உரிமைக் கோரிக்கை தனி நபர்களுக்கானது. நுகர்வோர் தீர்ப்பாயத்தில் 50,000 வரை கேட்கலாமே என்று யாராவது சொல்வார்கள், அது சொந்த உபயோகத்துக்கு வாங்கியவர்களுக்கு, வியாபாரிக்கு வியாபாரி போக முடியாது.

பக்கத்துக் கடைக்காரர் சொன்ன 21 நாள் நோட்டீஸ் பழைய கதை. முன்பு 10,000 வெள்ளிக்கு மேல் பாக்கி இருந்தால் அந்த நோட்டீஸ் விடலாம். கோவிட் காலத்தில் அதை 50,000 ஆக்கினார்கள், தற்காலிகம் என்றார்கள், 2021 ஏப்ரல் முதல் அதுவே நிரந்தரமாகிவிட்டது. 38,000-க்கு அதை அனுப்பினால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் சிரித்துவிட்டு ஓரமாக வைத்துவிடுவார், உங்களுக்கு நோட்டீஸ் செலவுதான் மிச்சம்.

செய்ய வேண்டியது இதுதான். டெலிவரி ஆர்டரில் கடை முத்திரையும் கையெழுத்தும் இருக்கிறதா என்று இன்றைக்கே தேடி எடுங்கள். "அடுத்த மாதம் தருகிறேன்" என்ற வாட்சாப் செய்திகளை அழிக்காமல் தேதியோடு எடுத்து வையுங்கள். வழக்கறிஞர் மூலமாக ஒரு கோரிக்கைக் கடிதம், பதினான்கு நாள் அவகாசம், அப்புறம் சம்மன். அவர்களிடம் உருப்படியான எதிர்வாதம் இல்லை என்றால் முழு விசாரணைக்கே போகாமல் சுருக்கத் தீர்ப்புக் கேட்கலாம். வழக்குப் போடக் காலக்கெடு, பணம் கட்டவேண்டிய நாளிலிருந்து ஆறு வருடம். இடையில் அவர்கள் ஒரு ஐந்நூறு வெள்ளி பாக்கிக் கணக்கில் கட்டினாலும் அந்த ஆறு வருடம் புதிதாக ஓடத் தொடங்கும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் வேண்டாம் என்று முகம் திருப்பாதீர்கள், வாங்கிக்கொண்டு எந்த இன்வாய்ஸுக்கு என்று எழுதி ரசீது கொடுங்கள். கம்பெனியின் பெயரை கம்பெனிகளைப் பதிவு செய்யும் எஸ்எஸ்எம் ஆணையத்தில் ஒரு முறை தேடிப் பாருங்கள், இயக்குநர்கள் மாறியிருந்தாலோ வேறு பெயரில் புதுக் கம்பெனி திறந்திருந்தாலோ அந்தப் பதினான்கு நாளை ஏழாகக் குறைத்துவிடுங்கள்.